செருப்பைத் தேடிய மகாராஜா

குளித்துவிட்டு ஈரத் தலையோடு சமையலறைக்குள் நுழைகிறேன். காய் நறுக்கும் பலகையின் மேல் புத்தம் புதிய புத்தகம். அதன் முதுகில் பலாப்பழம் வெட்டுகிற பெரிய கத்தி. கத்தியின் மேல் என் வீட்டுக்காரர் சேகரின் இரண்டு கைகள்.

"அய்யய்யோ! என்னங்க பண்றீங்க?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் மட்டும் அசையவில்லை.

"கத்தாத சுகுணா. பாதி இறங்கிடுச்சு. இப்ப விட்டா கோணலாயிடும்."

புத்தகத்தின் ஓரத்தை மடித்த பிள்ளைகளை வகுப்பை விட்டு வெளியே அனுப்பிய ஆள் நான். இத்தனை வருடம் கூடவே குடித்தனம் நடத்திய மனிதருக்கு அது தெரியாதா? லுங்கி முழுக்கக் காகிதத் தூள். போதாததற்குக் கத்தியில் எண்ணெய் வேறு தடவியிருந்தார், பலாப்பழத்துக்குத் தடவுகிற மாதிரியே. அந்த எண்ணெய் முதல் பக்கத்தில் ஊறி, "மகாராஜா புறப்பட்டுவிட்டார்" என்ற தலைப்பு பஜ்ஜி சுற்றிய தாள் போலப் பளபளத்தது.

"ஒரு கையில தூக்க முடியலன்னு நீதான சொன்ன? எட்டா வெட்டித் தைச்சுக் குடுத்துடறேன். தம்மாத்தூண்டு ஆயிடும்."

சொல்லிவிட்டு மறுபடியும் கத்தியை அழுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு கை ஆள்

இந்தத் தொடரில் இதுவரை, நான் வேதியியல் சொல்லிக்கொடுத்த கல்லூரியின் கதைகளாகவே எழுதி வந்திருக்கிறேன். பியூரெட்டை உடைத்துவிட்டு அழுத பையன், அமிலத்தில் துப்பட்டாவைப் பொசுக்கிக்கொண்ட பெண், இப்படி. நோய்க் கதை எழுத மாட்டேன் என்று பத்திரிகை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். இதுவும் நோய்க் கதை இல்லை. ஒரு புத்தகத்தின் மேல் எனக்கு வந்த கோபத்தின் கதை. ஆனால் கோபம் வந்த இடம் டயாலிசிஸ் அறை என்பதால் அதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

வாரத்துக்கு மூன்று நாள், காலையில், மர்பி டவுனிலிருந்து லிங்கராஜபுரத்துக்கு ஆட்டோ. அங்கே ஒரு மாடியில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மிஷின். இடது கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவார்கள். நாலு மணி நேரம். இடது கையை அசைக்கவே கூடாது. இதயம் பலவீனம் என்பதால் எனக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே எனக்கு அந்த நாற்காலிதான், கடைசி வரை.

நாலு மணி நேரமும் ஒரு கை ஆளாக இருப்பது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? மூக்கு அரித்தால் கண்ணாடியைக் கழற்றி எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். தலைமாட்டில் டிவி ஒன்று யாருக்கும் பிடிக்காத சீரியலை ஓட்டிக்கொண்டிருக்கும். டெட்டால் வாசனை. ஏசி குளிரில் கால் விறைக்கும்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் என் மகள் நித்யா, "அம்மா, செம காமெடியாம். மாயாஜாலக் கதை. ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க, சிரிச்சுக்கிட்டே நாலு மணி நேரத்த ஓட்டிடலாம்" என்று வாங்கி அனுப்பிய புத்தகம்தான் அது. வந்தபோது செங்கல் மாதிரி கனத்தது. ஒரு கையால் பிடித்தால் மணிக்கட்டு வலித்தது. அதைச் சொல்லி ஒருநாள் புலம்பினேன். அதன் விளைவுதான் பலாக் கத்தி.

பலாப்பழம் எனக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்தக் கத்திக்கு வேலை இல்லாமல் இருந்தது. அந்தச் சும்மா கிடந்த கத்தியைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்திருக்க வேண்டும்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எட்டுத் துண்டுகளும் நன்றாகவே அமைந்தன. பழுப்பு அட்டை போட்டு, கோணி ஊசியால் தைத்து, ஒன்று இரண்டு என்று எண் போட்டிருந்தார். ஒரு கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.

புறப்படாத மகாராஜா

கதை என்னவென்றால், ஒரு நாட்டில் யாருக்கும் தூக்கம் வருவதில்லை. ஒரு பூதம் ஊர்மக்களின் தூக்கத்தையெல்லாம் திருடி, பித்தளைக் குடத்தில் போட்டு மூடிவிட்டது. மகாராஜா போய்ப் பூதத்தை வென்று குடத்தை மீட்க வேண்டும். அவருக்கு ஒரு மந்திரி. பொய் சொன்னால் மந்திரியின் தாடி வளரும்.

அட, நன்றாக இருக்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மந்திரி, "அரசே, இன்று தாங்கள் மிகவும் ஒல்லியாக இருக்கிறீர்கள்" என்கிறார், தாடி தரையைத் தொடுகிறது. சிரித்துக்கூட விட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது சோதனை. மகாராஜா வாளை உருவிக்கொண்டு புறப்படுகிறார். இடது கால் செருப்பைக் காணோம். தேடுகிறார்கள். தேடுகிறார்கள். முதல் துண்டு முடிகிறது, செருப்பு கிடைக்கவில்லை. இரண்டாவது துண்டில் செருப்பைத் தேடப் போனவனைக் காணோம். மூன்றாவதில் அரண்மனைக் கதவு பேச ஆரம்பிக்கிறது. தன்னைப் புகழ்ந்தால்தான் திறப்பேன் என்கிறது. புகழ்கிறார்கள். கதவுக்கு அந்தப் புகழ் போதவில்லையாம்.

எனக்கு அதிர்ச்சி என்றால் அப்படி ஒரு அதிர்ச்சி. ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து, காகிதம் வாங்கி, அச்சுக் கோத்து, விலை வைத்து இதை விற்கிறாரே! நாலாவது துண்டில் செருப்பு கிடைத்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டால், அது வலது கால் செருப்பு.

"புறப்பட்டுவிட்டார்னு அட்டையிலயே போட்டுட்டு இன்னும் வாசப்படியத் தாண்டலயே, இந்த ஆளு!" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு நான் ஓயாமல் சொன்னது, "சொட்டுச் சொட்டா விடு" என்பதுதான். பியூரெட்டைச் சர்ரென்று திறந்துவிட்டால் நிறம் மாறுகிற இடத்தைத் தாண்டிப் போய்விடும், முதலிலிருந்து செய்ய வேண்டும். அந்தப் பொறுமையெல்லாம் கல்லூரியோடு சரி. கதை என்று வந்துவிட்டால் எனக்கு முதல் பக்கத்திலேயே கொலை விழ வேண்டும். சின்ன வயதில் வாடகை நூலகத்திலிருந்து அப்பா துப்பறியும் நாவல் எடுத்து வருவார். கடைசிப் பக்கத்தைக் கிழித்து ஒளித்து வைத்துவிட்டுத்தான் என்னிடம் தருவார். அவ்வளவு நல்ல பெயர் எனக்கு.

பக்கத்து நாற்காலி

"ஆன்ட்டி, முடிச்சிட்டீங்கன்னா அந்தத் துண்ட இப்படிக் குடுங்களேன்."

நான் முதல் துண்டை முடித்த அன்றே இப்படிக் கேட்டவர் பக்கத்து நாற்காலி அருள். நாற்பதைத் தொட்ட வயது, அந்தப் பேட்டையிலேயே சின்னதாக ஒரு பேக்கரி. கல்யாண கேக் செய்வதில் பெயர் பெற்றவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் சட்டையில் கிராம்பும் ஏலக்காயும் மணக்கும். தான் செய்கிற கேக்கில் ஒரு துண்டுகூட அவர் சாப்பிடக் கூடாது.

அருளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நாலு மணி நேரம் உட்கார மாட்டார். இரண்டரை மணி நேரம் ஆனதும் நெளிய ஆரம்பிப்பார். "மஞ்சுளா, எடுத்துடும்மா. கடையில வேல கீது" என்பார். மஞ்சுளா அங்கே டெக்னீஷியன், கோலார் பக்கத்துப் பெண். கன்னடமும் தமிழும் கலந்து திட்டுவாள்.

"சும்னிரி சார், பேசாம இருங்க. தண்ணியெல்லாம் உள்ளயே நின்னுடும். போன தடவ மூச்சுத் திணறி அட்மிட் ஆனது மறந்துபோச்சா?"

என் பொறுப்பில் போகிறேன் என்று ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அருள் போய்விடுவார். கடையில் வேலை என்பது சாக்கு. அவருக்குப் பயம். முன்பு ஒருமுறை மிஷினில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருட்டிப் போயிருக்கிறார். அதிலிருந்து கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இப்படிப் பாதியில் எழுந்து போனால் எத்தனை நாளைக்கு உடம்பு தாங்கும் என்று மஞ்சுளா என்னிடம் கையைப் பிசைந்திருக்கிறாள்.

அந்த மனிதர் என் முதல் துண்டை வாங்கிப் படித்தார். பத்து நிமிடம் ஆகியிருக்காது. கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு. ஊசிக் கை அசைந்து, மிஷின் கீ கீயென்று அலறியது. மஞ்சுளா ஓடி வந்தாள்.

"ஏனாய்து சார்?"

"செருப்பத் தேடறாங்க மஞ்சுளா, செருப்ப!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எனக்குக் கொட்டாவி வந்த அதே பக்கம்! அன்றைக்கு அருள் நாலு மணி நேரமும் உட்கார்ந்தார். எடுத்துவிடட்டுமா என்று மஞ்சுளா வந்து நின்றபோது, "இரும்மா, இந்தப் பக்கத்த முடிச்சுக்கிறேன்" என்றார். மஞ்சுளா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

அப்படியே வழக்கமாகிவிட்டது. நான் திட்டிக்கொண்டே ஒரு துண்டை முடிப்பேன், அருள் சிரித்துக்கொண்டே அதை வாங்கிப் படிப்பார். எனக்குப் பிடித்ததோ இல்லையோ, அந்த மனிதர் முழு நேரம் உட்கார்ந்தார். மூச்சுத் திணறல் நின்றது. முகத்தில் வீக்கம் வற்றியது.

பழைய பேப்பர்

நாலாவது துண்டின் வலது கால் செருப்பு என்னால் தாங்க முடியாததாகிவிட்டது. அருள் கையில் அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அலமாரியில் மீதி நாலு துண்டு வரிசையாக நின்று என்னைப் பார்த்தன.

"இந்தக் கருமத்த முதல்ல தூக்கிப் போடுங்க. கண்ணுல படக்கூடாது" என்றேன்.

நான் ஆயிரம் சொல்வேன். இத்தனை வருடத்தில் ஒன்றையாவது இவர் கேட்டிருக்கிறாரா? வெந்நீர்க் குழாயைச் சரி செய்யச் சொல்லி நாக்குத் தேய்ந்துபோனது. இதை மட்டும் கேட்டார்.

அடுத்த முறை கிளம்பும்போது, அருளுக்காக ஐந்தாவது துண்டை எடுக்கப் போனால் அலமாரி காலி.

"அதுவா? பழைய பேப்பர்காரன் வந்தான், போட்டுட்டேன்."

"என்னது!"

"நீதான சொன்ன?"

"நான் சொன்னா போட்டுடறதா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, நான் சொல்லி என்னிக்காவது எதையாவது செஞ்சிருக்கீங்களா?"

நித்யாவுக்குப் போன் போட்டேன். வேறு பிரதி எங்கேயும் இல்லை, மறுபதிப்பு வரவேண்டும் என்றாள். இப்படி ஒரு கதை தீர்ந்துபோகிற அளவுக்கு விற்றிருக்கிறதே என்று அது வேறு அதிர்ச்சி. பழைய பேப்பர் கடைக்கு ஆட்டோவை விட்டோம். மூட்டை முந்தின நாளே போய்விட்டதாம். சில கட்டுகளைத் தள்ளுவண்டிக் கடலைக்காரர் வாங்கினார் என்று சொன்னார்கள். முக்கில் நின்ற அவரிடம் போய், வண்டியில் சொருகியிருந்த பொட்டலத்தையெல்லாம் பிரித்துப் பார்த்தார் சேகர். கடலைக்காரர் கன்னடத்தில் கத்தினார். கடைசியில் நாலு பொட்டலம் வாங்க வேண்டியதாயிற்று. எனக்குக் கடலையும் ஆகாது. ஒரே ஒரு பக்கம் கிடைத்தது. அதில் மகாராஜா வெந்நீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதானா?

அருளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"பேப்பர்காரனுக்கா? இன்னா ஆன்ட்டி இப்படி ஆயிடுச்சு. எடது கால் செருப்பு கெடச்சுச்சான்னு நேத்தெல்லாம் யோசிச்சினு இருந்தேன்."

ஊசி குத்தி மிஷின் ஓட ஆரம்பித்தது. அருள் கடிகாரத்தைப் பார்த்தார். கடலைப் பக்கத்தைக் கொடுத்தேன், இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுபடி கடிகாரம். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, பழைய குரல் வந்தது.

"மஞ்சுளா, எடுத்துடும்மா. கடையில வேல கீது."

மஞ்சுளா அந்த வெள்ளைத் தாளை எடுத்து வர, எனக்கு என்ன தோன்றியதோ, "மீதிக் கதைய நான் சொல்றேன், உக்காருப்பா" என்றேன்.

"நீங்கதான் படிக்கவே இல்லையே."

"படிக்காட்டி என்ன? நாலு துண்டு படிச்சவளுக்கு அஞ்சாவது துண்டு தெரியாதா? கேளு. மகாராஜாவுக்குச் செருப்பு கிடைச்சது. போட்டுக்கிட்டார். கதவ ஒரு உதை விட்டார், திறந்துக்கிச்சு. நேரா போனார். பூதத்த ஒரே வெட்டு. குடத்தத் திறந்தார். ஊரே தூங்கிச்சு. முடிஞ்சது."

எனக்குத் திருப்தியாக இருந்தது. கதை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அருள் என்னையே பார்த்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"மஞ்சுளா, எடுத்துடும்மா."

தூக்கிவாரிப் போட்டது. அவள் கை ஊசிப் பக்கம் போவதைப் பார்த்ததும் வாய்க்கு வந்ததைக் கத்தினேன்.

"இரு, இரு! பூதம் சாகல!"

எதிர் நாற்காலிக் கிழவர்கூடக் கண் விழித்துவிட்டார். "அப்போ வெட்னது யார?" என்றார் அருள்.

"அது... அது பூதத்தோட நிழல். பூதம் அங்க இல்ல. ஊரை விட்டே போயிடுச்சு. மகாராஜா தேரைக் கட்டச் சொன்னார். தேர் புறப்பட்டுச்சு. ஆனா முன்னாடி ஏகப்பட்ட தேரு, எல்லாம் மேம்பாலம் ஏற நிக்குது."

நித்யா தினமும் போனில் அழுகிற அழுகை எனக்குக் கை கொடுத்தது. அவள் ஆபீஸ் போகும் வழியில் என்னவெல்லாம் சொல்லிப் புலம்புவாளோ அத்தனையும் மகாராஜா தலையில் கட்டினேன். யானை ஒன்று பாதையில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. தோண்டிப் போட்ட ரோட்டில் மந்திரி விழுந்தார். யாரும் தோண்டவில்லை என்று அங்கே நின்ற அதிகாரி சொல்ல, மந்திரியின் தாடி அவருக்கும் ஒட்டிக்கொண்டது. அருள் சிரித்தார். மிஷின் அலறியது. மஞ்சுளா தாளை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குத் தேர் இரண்டு தெரு தாண்டவில்லை. ஆனால் அருள் முழு நேரம் உட்கார்ந்தார்.

சொட்டுச் சொட்டாக

அதன் பிறகு எனக்கு வீட்டில் வேறு வேலையே இல்லை. அடுத்த முறை மகாராஜாவை எப்படித் தாமதப்படுத்துவது என்பதே யோசனை. கதை முடிந்தால் அருள் எழுந்துவிடுவார். முடியக் கூடாது, சலிக்கவும் கூடாது. சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இவ்வளவு மெதுவான கதையை நானே சொல்லிக்கொண்டிருக்கிறேனே என்று எனக்கே பகீரென்றது. என்னைப் பொறுத்தவரை அந்த எழுத்தாளர் செய்தது அநியாயம்தான். அவர் புத்தகத்தைப் படித்த யாருக்கும் கையில் ஊசி இல்லையே, நினைத்தால் எழுந்து போகலாமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அருளும் சும்மா இருக்கவில்லை. பூதத்துக்கு ஒரு பெண்சாதி வேண்டும் என்றார். அந்தம்மா கேக் செய்வாள் என்றார். உலர்ந்த திராட்சையை ரம்மில் ஊறப்போட்டு, சர்க்கரையைக் கறுக விட்டு, ஆரஞ்சுத் தோலைச் சீவி என்று அவர் சொல்லச் சொல்ல, எதையும் தின்னக் கூடாத நாங்கள் ஆறேழு பேர் நாற்காலியில் சாய்ந்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தோம். டிவியை யாரோ அணைத்துவிட்டார்கள்.

கோடை வந்து, மழை பிடித்துக்கொண்ட சமயம். மகாராஜா ஒருவழியாகப் பூதத்தின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். கதவில் மணி தொங்குகிறது. அடிப்பதற்காகக் கையைத் தூக்குகிறார்.

"நேரம் ஆச்சு" என்று மஞ்சுளா வந்துவிட்டாள்.

"அடிச்சாரா ஆன்ட்டி?" என்றார் அருள், பிளாஸ்திரியை அழுத்திப் பிடித்துக்கொண்டு.

"அடுத்த தடவை."

காலி நாற்காலி

அடுத்த தடவை அருளின் நாற்காலி காலி. அதற்கடுத்த தடவை அதில் வேறு ஒருவர்.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, வந்து சில வாரத்தில் தானே புரிந்துவிடும். காலியான நாற்காலியைப் பற்றிக் கேட்கக் கூடாது. ஆள் வரவில்லை என்றால் ஊருக்குப் போயிருக்கலாம், வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியிருக்கலாம், அல்லது அந்த மூன்றாவது. கேட்டுத் தெரிந்துகொண்டு அதே வரிசையில் எப்படி உட்காருவது? ஆகவே எல்லோரும் கூரையைப் பார்ப்போம்.

நானும் கூரையைப் பார்த்தேன். புதியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"மஞ்சுளா, அருள் எங்க?"

அறையே திரும்பி என்னைப் பார்த்தது. எதிர்க் கிழவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

மஞ்சுளா உதட்டைக் கடித்தாள். பிறகு அவளால் அடக்க முடியவில்லை, முகமெல்லாம் பல். "சிக்கித்தும்மா! சாருக்குக் கிட்னி சிக்கித்து! கிட்னிக்குக் காத்திருக்கறவங்க லிஸ்ட்ல பேரு இருந்துச்சில்ல, கடையில இருக்கும்போது போன் வந்து, மாவு கையோடயே ஓடிட்டாராம். ஆபரேஷன் ஆயிடுச்சு. உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன், மத்தவங்க மனசு கஷ்டப்படும்னு..."

கிடைத்துவிட்டது. அருளுக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்துவிட்டது. நான் அழுதேன், சிரித்தேன், கிழவர்கூட ஒரு கையால் தொடையைத் தட்டினார். வீட்டுக்கு வந்து மறுபடியும் அழுதேன். இந்த இரண்டாவது அழுகை வேறு. அவர் போய்விட்டார், நான் இருக்கிறேன். பொறாமையா என்றால் ஆமாம், அதுவும்தான். அதை விடப் பெரியதாக, இனி யாருக்குக் கதை சொல்வது என்று இருந்தது. மகாராஜா பூதத்தின் வாசலில் கையைத் தூக்கியபடியே நின்றார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

நாலு மணி நேரம் ரப்பராக இழுத்தது. கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒருநாள் என் வாயிலிருந்து வந்த வார்த்தையைக் கேட்டு நானே திடுக்கிட்டுப் போனேன்.

"மஞ்சுளா, எடுத்துடும்மா."

மஞ்சுளா திட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் அதுவே பழக்கமாயிற்று. கீழே காத்திருக்கும் சேகர், "என்ன, அதுக்குள்ளயா?" என்பார். மிஷின் வேகமாக ஓடியது என்பேன். வீட்டுப் படியேறும்போது மூச்சு வாங்கியது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அவர் பெரிய அளவில் புதுச் செருப்பு வாங்கி வந்து வைத்தார்.

கேட்டுக்கு வெளியே

சில மாதம் கழித்து, ஒரு மதியம் பாதியில் எழுந்து கீழே வருகிறேன். கேட்டுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் முகக்கவசம் போட்ட ஒரு மனிதர். பக்கத்தில் அவர் மனைவி ஸ்டெல்லா, அவர் உள்ளே வந்துவிடாமல் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கிருமி தொற்றிவிடும் என்று பயம். அவர் கையில் செங்கல் மாதிரி ஒரு புத்தகம்.

"ஆன்ட்டி! ஏமாத்திட்டாங்க ஆன்ட்டி!"

வணக்கம் இல்லை, நலமா இல்லை. முகக்கவசத்துக்கு மேலேயே கன்னம் உப்பி, நிறம் வந்து, அருள் ஆளே மாறியிருந்தார்.

"மறுபதிப்பு வந்துச்சு, மொத ஆளா வாங்கினேன். முழுசும் படிச்சேன். ராஜா வெளியவே போகல ஆன்ட்டி! கடைசிப் பக்கம் வரைக்கும் போகல! எடது கால் செருப்பு அவர் கால்லயே இருந்துச்சாம். ராஜா புறப்பட்டுட்டாருன்னு மந்திரி ஊருக்குச் சொல்றாரு, தாடி வளருது, அவ்ளோதான், கத முடிஞ்சுச்சு! இதுக்கா நான் அப்படிச் சிரிச்சேன்?"

இவ்வளவு பெரிய புத்தகத்தில், கடைசி வரைக்குமா?

"நீங்கதான் அந்த ஆள வெளிய கூட்டினு வந்தீங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மஞ்சுளா சொல்லுச்சு. பாதியில எழுந்து போறீங்களாமே?"

என்னை அழைத்துப் போகக் காத்திருந்த சேகர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் கத்தினேன்.

"ஆமா, போறேன்! அங்க உக்காந்து நான் யார் மூஞ்சியப் பாக்கறது? உனக்கென்ன, நீ தப்பிச்சுட்ட."

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். அருள் குனியவில்லை.

"ஆமா ஆன்ட்டி, தப்பிச்சுட்டேன். மணி அடிக்கறதுக்குக் கைய தூக்குனாரே, அங்க வரைக்கும் நீங்க சொன்னீங்க. மீதிய நான் சொல்றேன். நாளன்னிக்கு ஊசி போட்டதும் போன் பண்றேன், காதுல மாட்டிக்குங்க."

"உனக்குக் கதை சொல்லத் தெரியுமா?"

"நாலு துண்டு படிச்சவளுக்குன்னு யாரோ சொன்னாங்களே."

சொன்னபடி போன் வந்தது. பின்னால் அடுப்பின் சத்தமும், யாரோ மாவு பிசையும் சத்தமும் கேட்டன. நான் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினேன். மகாராஜா வாசலில் நின்றார். கையைத் தூக்கினார். மணியைத் தொட்டார். அருள் ஒரு மணி நேரம் அந்த மணியைப் பற்றியே பேசினார், எந்த ஊர்ப் பித்தளை, யார் வார்த்தது, நாக்கு எப்படி ஆடும். பிறகு குனிந்து பார்க்கிறார் மகாராஜா.

"இன்னா ஆச்சு தெரியுமா ஆன்ட்டி? எடது கால் செருப்பக் காணோம்."

"அடப்பாவி! மறுபடியும் செருப்பா?"

நான் போட்ட கூச்சலில் மிஷின் அலறியது. கிழவர் விழித்துக்கொண்டார். மஞ்சுளா ஓடி வந்து, கடிகாரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வழக்கமாக எழுந்துபோகிற நேரம் தாண்டியிருந்தது.

"அம்மா, எடுத்துடட்டுமா?"

"இரு மஞ்சுளா," என்றேன். "அந்த மனுஷனுக்குச் செருப்பு கிடைக்கட்டும்."